வயலின் ஓரம் யாருக்குச் சொந்தம்?

2013 மே மாதம். வாஷிங்டனில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் வேளாண் குழு கூடியிருந்தது. பருத்தி, சோளம், பால் விலை, பயிர்க் காப்பீடு ஆகியவற்றோடு ஏழைகளின் சாப்பாட்டுச் செலவும் அடங்கிய மசோதா உறுப்பினர்கள் முன் இருந்தது. அந்தச் சாப்பாட்டுச் செலவில் பத்தாண்டுகளில் ஏறத்தாழ 2,000 கோடி டாலரை வெட்ட வேண்டும் என்று மசோதா சொன்னது. கலிபோர்னியாவின் ஜனநாயகக் கட்சி உறுப்பினர் ஹுவான் வார்கஸ் இளமையில் இயேசு சபையில் துறவுப் பயிற்சி பெற்றவர். அவர் மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தை எடுத்தார். பசித்தவருக்கு உணவளித்தவர் தனக்கே அளித்தார் என்று இயேசு சொல்லும் பகுதி அது.

டென்னசியின் குடியரசுக் கட்சி உறுப்பினர் ஸ்டீபன் ஃபின்ச்சர் மறுத்தார். அவர் பருத்தி விவசாயி. தேவாலயங்களில் பாடும் குடும்பத்தில் பிறந்தவர். ஒருவருக்கொருவர் உதவுவது கிறிஸ்தவர்களின் கடமைதான், ஆனால் ஒருவரின் பணத்தை எடுத்து இன்னொருவருக்குக் கொடுப்பது அரசாங்கத்தின் வேலையல்ல என்றார். பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தையும் சுட்டிக்காட்டினார். வேலை செய்ய மனமில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்ற கட்டளை அதில் இருக்கிறது.

இருவரும் ஒரே வேதத்தைத்தான் திறந்தார்கள். அவர்களைப் பிரித்தது மிகப் பழைய கேள்வி. பசித்தவருக்குச் சோறு எதன்பேரில் சேர வேண்டும்? அவர் உழைத்தாரா என்பதன்பேரிலா, கொடுப்பவரின் இரக்கத்தின்பேரிலா, அல்லது பசிக்கிறது என்ற ஒரே காரணம் போதுமா? மற்ற நாடுகளில் மதகுருக்களும் தத்துவப் பேராசிரியர்களும் விவாதிக்கும் இந்தக் கேள்வியை, அமெரிக்கா ஏறத்தாழ ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை தன் வேளாண் சட்டத்தில் எழுதித் தீர்க்க வேண்டியிருக்கிறது.

அந்தச் சட்டத்தை அங்கே 'ஃபார்ம் பில்' என்பார்கள். பெயர் விவசாயத்தைச் சொன்னாலும் அதன் செலவில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் 'ஸ்நாப்' என்ற உணவு உதவித் திட்டத்துக்குப் போகிறது. முன்பு அதற்கு ஃபுட் ஸ்டாம்ப் என்று பெயர். 2008இன் வேளாண் சட்டம் அந்தப் பெயரை மாற்றியது. 2024 நிதியாண்டில் மாதந்தோறும் 4 கோடியே 10 லட்சத்துக்கு மேற்பட்டோர் இந்த உதவியைப் பெற்றார்கள். ஒருவருக்குக் கிடைத்தது சராசரியாக மாதம் 187 டாலர், அதாவது நாளுக்கு ஆறு டாலரைச் சுற்றி. பணம் ஓர் அட்டையில் ஏறும். கடையில் அரிசி, ரொட்டி, காய்கறி, இறைச்சி, பால் வாங்கலாம். சோப்பு, குழந்தைக்கான டயப்பர், மது, சிகரெட் வாங்க முடியாது. கடையிலேயே சூடாக விற்கும் சாப்பாட்டுக்கும் அட்டை செல்லாது. பெறுபவர்களில் பத்தில் ஏறத்தாழ நால்வர் குழந்தைகள். முதியோரையும் உடல் ஊனமுற்றோரையும் சேர்த்தால் பெரும்பான்மை ஆகிவிடும்.

ஏழையின் தட்டு விவசாயியின் சட்டத்துக்குள் வந்து சேர்ந்த கதை 1939இல் தொடங்குகிறது. பெரும் பொருளாதார வீழ்ச்சியின் காலம் அது. கிராமங்களில் விளைச்சல் விற்காமல் கிடந்தது, நகரங்களில் வேலையில்லாதவர்கள் பட்டினி கிடந்தார்கள். அந்த ஆண்டு மே மாதம் நியூயார்க் மாநிலத்தின் ராசெஸ்டர் நகரில் புதிய ஏற்பாடு ஒன்று தொடங்கியது. உதவி பெறும் குடும்பம் ஒரு டாலருக்கு ஆரஞ்சு நிறச் சீட்டு வாங்கினால், அரை டாலர் மதிப்புள்ள நீலச் சீட்டு இலவசம். விற்பனையாகாமல் தேங்கியவை என்று வேளாண் துறை அறிவித்த பொருள்களை நீலச் சீட்டைக் கொடுத்து வாங்கலாம். போர்க்காலத்தில் உபரியும் போனது, வேலையின்மையும் போனது. 1943இல் திட்டம் நின்றது.

1961 ஜனவரியில் பதவியேற்ற ஜான் கென்னடி தன் முதல் நிர்வாக ஆணையை ஏழைகளின் உணவுக்காகவே போட்டார். அந்த மே மாதம், மேற்கு வர்ஜினியாவின் மெக்டவல் மாவட்டத்தில், நிலக்கரிச் சுரங்க வேலை அற்றுப்போன மலைப்பகுதியில், உணவுச் சீட்டு மீண்டும் முளைத்தது. 1964 ஆகஸ்டில் லிண்டன் ஜான்சன் அதை நிரந்தரச் சட்டமாக்கினார்.

ஆனால் சட்டம் வந்த பிறகும் மிகவும் ஏழையானவர்கள் வெளியேதான் நின்றார்கள். 1967 ஏப்ரலில் செனட்டர்கள் ராபர்ட் கென்னடியும் ஜோசஃப் கிளார்க்கும் மிசிசிப்பி டெல்டாவில் வீடு வீடாகப் போனார்கள். அடுத்த மாதம் ஃபீல்ட் அறக்கட்டளை அனுப்பிய மருத்துவர்கள் குழு அதே பகுதிக் குழந்தைகளைச் சோதித்து, ஊட்டமின்மையின் அடையாளங்களைப் பதிவுசெய்தது. காரணம் எளிமையானது, கொடுமையானது. சீட்டை இலவசமாகக் கொடுக்கவில்லை, முதலில் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. பருத்தி பறிக்கும் எந்திரமும் களைக்கொல்லியும் வந்து கூலிவேலை அற்றுப்போன கறுப்பினக் குடும்பங்களின் கையில் அந்தக் காசு இல்லை. முன்பு இலவசமாகக் கிடைத்த மாவும் பால்பொடியும் நின்றுபோன மாவட்டங்களில், புதிய திட்டம் அவர்களைப் பழைய நிலையைவிடக் கீழே தள்ளியது. ஏழை தன் பங்கைப் போட்டால்தான் அவனுக்குச் சுயமரியாதை என்ற நல்லெண்ணத்தில் வைத்த நிபந்தனைதான் அது. அந்த நிபந்தனையால் பட்டினி கிடந்தவர்கள் குழந்தைகள்.

1973இன் வேளாண் சட்டம் உணவுச் சீட்டைத் தனக்குள் எடுத்துக்கொண்டது. அடுத்த ஆண்டுக்குள் நாடெங்கும் அது நடைமுறைக்கு வர வேண்டும் என்றும் சொன்னது. 1977இன் சட்டம் சீட்டைக் காசு கொடுத்து வாங்கும் முறையை ஒழித்தது. அதை ஒழிக்கச் செனட்டில் பாடுபட்டவர்கள் இருவர்: மெதடிஸ்ட் போதகரின் மகனான தெற்கு டகோட்டாவின் ஜார்ஜ் மெக்கவர்ன், கோதுமை விளையும் கான்சாஸின் பாப் டோல். ஒருவர் ஜனநாயகக் கட்சி, மற்றவர் குடியரசுக் கட்சி. அதே 1977இல் மருத்துவர்கள் பழைய பகுதிகளுக்குத் திரும்பிப் போனபோது வறுமை அப்படியே இருந்தது, ஆனால் பத்தாண்டுகளுக்கு முன் கண்ட அந்த ஊட்டமின்மை வெகுவாகக் குறைந்திருந்தது. மாற்றத்துக்கு முக்கியக் காரணம் உணவுத் திட்டங்கள்தாம் என்று அவர்கள் அறிக்கை தந்தார்கள்.

இந்த உபரிக் கணக்கின் இன்னொரு கிளை தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்கள் வரை நீண்டது. 1954இல் அமெரிக்கா இயற்றிய பி.எல். 480 சட்டத்தின்கீழ் அங்கே தேங்கிய கோதுமை இந்தியாவுக்குக் கப்பல் ஏறியது. காமராசர் தொடங்கிய மதிய உணவுத் திட்டத்துக்கு 1960களில் 'கேர்' என்ற தொண்டு நிறுவனத்தின் வழியே பால்பொடியும் எண்ணெயும் வந்தன. அந்தக் காலத்தில் பள்ளியில் படித்தவர்களுக்கு அந்தப் பாலின் மணம் இன்னும் நினைவிருக்கும். அந்தப் பால்பொடிக்கும் மெக்டவல் மாவட்டத்தின் சீட்டுக்கும் பின்னால் இருந்தது ஒரே கணக்கு: ஓரிடத்தில் மிஞ்சியது, இன்னோரிடத்தில் பசித்த வாய்க்குப் போகட்டும்.

விவசாயச் சட்டத்தில் ஏழையின் பங்கை எழுதியது அமெரிக்கா கண்டுபிடித்த புதுமை அல்ல. வார்கஸும் ஃபின்ச்சரும் கையில் வைத்திருந்த வேதத்தின் முற்பகுதியிலேயே அது இருக்கிறது. லேவியராகமமும் உபாகமமும் அறுவடைக்காரருக்கு விதி வகுக்கின்றன. வயலின் ஓரத்தை முற்றாக அறுத்துவிடாதே. சிந்திய கதிரைக் குனிந்து எடுக்காதே. வயலில் மறந்துவிட்ட அரிக்கட்டை எடுக்கத் திரும்பிப் போகாதே. திராட்சைத் தோட்டத்தில் மறுமுறை பறிக்காதே. அவை எளியவருக்கும் அந்நியருக்கும், அநாதைக்கும் விதவைக்கும் உரியவை. தமிழ்நாட்டில் அறுவடை முடிந்த வயலில் கதிர் பொறுக்கிய கிழவிகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆனால் இங்கே அது வழக்கம். நிலக்காரர் துரத்தினால் துரத்தியதுதான். வேதத்தில் அது சட்டம்.

எவ்வளவு கண்டிப்பான சட்டம் என்பது பொ.ஆ. 200 அளவில் தொகுத்த மிஷ்னாவில் தெரிகிறது. யூதச் சட்டத் தொகுப்பான அதில் 'பேயா', அதாவது வயலின் ஓரம், என்ற பெயரில் ஒரு நூலே உண்டு. ஓரத்துக்கு உச்ச வரம்பு இல்லை. அறுபதில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது. ஏழைகள் வயலுக்குள் வர ஒரு நாளில் மூன்று வேளைகள் உண்டு. கைக்குழந்தைக்காரிகளுக்குக் காலை, சிறுவர்களுக்கு உச்சிவேளை, முதியவர்களுக்குச் சாயங்காலம் என்று பிற்கால உரை அதற்குக் காரணம் சொல்கிறது. நிலக்காரர் ஓர் ஏழையை உள்ளே விட்டு இன்னோர் ஏழையைத் தடுத்தாலோ, தனக்குப் பிடித்த ஒருவருக்கு மட்டும் பொறுக்க உதவினாலோ, அவர் ஏழைகளைக் கொள்ளையடித்தவர் ஆகிறார். மனமிரங்கிக் கொடுக்காத கருமி என்று சொல்லி மிஷ்னா நிறுத்திக்கொள்ளவில்லை, கொள்ளைக்காரன் என்கிறது. ஓரம் அவருடையது அல்ல. அவர் நிலத்துக்குள் இருக்கும் ஏழையின் சொத்து அது. அதை யாருக்குக் கொடுப்பது என்று தேர்ந்தெடுக்கும் பெருமைகூட அவருக்கு இல்லை.

உதவிக்கு வேலையை நிபந்தனையாக்க வேண்டும் என்பவர்கள் இந்த இடத்தில் ஒரு நல்ல மறுப்பைச் சொல்வதுண்டு. வேதத்தில் வரும் ரூத் சும்மா உட்கார்ந்து சாப்பிடவில்லையே? பெத்லகேமின் வாற்கோதுமை வயலில் காலை முதல் மாலை வரை குனிந்து பொறுக்கினாள் அல்லவா? உண்மைதான். ஆனால் அவளிடம் யாரும் வாரத்துக்கு இத்தனை மணி நேரம் என்று கணக்குக் கேட்கவில்லை. அவள் மாமியார் நகோமி வயலுக்கே வரவில்லை. ரூத் கொண்டுவந்ததில் அவளும் சாப்பிட்டாள். மேலும், மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை ஊர் வாசலில் கொண்டுவந்து வைக்க வேண்டும், அந்நியரும் அநாதைகளும் விதவைகளும் வந்து வயிறாரச் சாப்பிட வேண்டும் என்றும் உபாகமம் சொல்கிறது. அதற்குப் பொறுக்கும் வேலைகூடத் தேவையில்லை. வேலை செய்ய முடிந்தவருக்கு வயல், முடியாதவருக்கு ஊர் வாசல். இரண்டிலும் பங்கு உறுதி.

ரூத் மோவாபியப் பெண், வேற்று நாட்டவள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. அந்தச் சட்டம் அந்நியரைப் பெயர் சொல்லியே சேர்த்துக்கொண்டது.

பசித்தவரைச் சோதிக்கலாமா என்றும் யூதச் சட்ட அறிஞர்களான ரபிகள் விவாதித்திருக்கிறார்கள். மிஷ்னாவை விரித்து விவாதிக்கும் தால்முத்தில் இரு கருத்துகள் மோதுகின்றன. உடை கேட்பவனை விசாரி, உணவு கேட்பவனை விசாரிக்காதே என்கிறது ஒன்று, மற்றது நேர்மாறு. 12ஆம் நூற்றாண்டில் சட்டங்களைத் தொகுத்த மைமோனிடிஸ் முதல் கருத்தையே விதியாக்கினார். முன்பின் தெரியாதவர் வந்து பசிக்கிறது என்றால், ஏமாற்றுக்காரரா என்று பார்க்காமல் உடனே சோறு போட வேண்டும். உடை ஒரு நாள் தாமதிக்கலாம். வயிறு தாமதிக்காது.

கிறிஸ்தவ மரபின் பெரிய போதகர்களும் இதே பக்கத்தில்தான் நிற்கிறார்கள். 369ஐ ஒட்டிக் கப்படோக்கியாவில் பஞ்சம் வந்தபோது, பசில் தானியம் பதுக்கியவர்களைப் பார்த்து, உங்கள் அலமாரியில் இருக்கும் ரொட்டி பசித்தவனுடையது என்ற பொருளில் பிரசங்கித்தார். களஞ்சியங்களைத் திறக்க வைத்தார். அந்தியோக்கியாவில் யோவான் கிறிசோஸ்தோம், ஏழையிடம் வாழ்க்கை வரலாற்றை விசாரிக்கும் செல்வர்களைக் கடிந்தார். ஆபிரகாம் வழிப்போக்கர்களை விசாரித்துவிட்டா விருந்து வைத்தார் என்று கேட்டார். 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் இன்னும் ஒரு படி மேலே போனார்: உயிர் போகும் தேவையில் ஒருவர் பிறர் பொருளை எடுத்தால் அது திருட்டே ஆகாது. அமெரிக்க அரசியல் சிந்தனையின் தந்தைகளில் ஒருவரான ஜான் லாக், சொத்துரிமையின் பெரிய வழக்கறிஞர். அவரே, வேறு வழியில்லாதவனுக்குப் பிறரின் மிகுதியில் உயிர் காக்கும் அளவு உரிமை உண்டு என்றார். அதே லாக் 1697இல் பிச்சைக்காரர்களைக் கடுமையாக வேலைக்கு விரட்டும் திட்டம் ஒன்றையும் எழுதினார். அமெரிக்கா அவரிடமிருந்து இரண்டையும் சுவீகரித்துக்கொண்டது.

அப்படியானால் பவுல்? அவரை ஒதுக்கிவிட முடியாது, ஒதுக்கவும் கூடாது. அவர் கூடாரம் தைத்துத் தன் கையால் பிழைத்தவர். சபைக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தவர். தெசலோனிக்கேயாவின் சிறிய சபையில் சிலர் வேலையை விட்டுவிட்டு, ஊர்க்கதை பேசிக்கொண்டு, மற்றவர்களின் உணவில் வாழ்ந்தார்கள். ஆண்டவர் விரைவில் திரும்பி வருவார் என்ற எதிர்பார்ப்பு அதற்கு ஒரு காரணமாக இருந்திருக்கலாம். ஒருவரையொருவர் முகம் பார்த்துத் தெரிந்த ஒரு சமூகத்துக்குள், உழைக்க முடிந்தும் மறுத்தவர்களைப் பற்றிய அறிவுரை அது. அதே கடிதத்தில் அடுத்த சில வரிகளிலேயே, நன்மை செய்வதில் சோர்ந்துவிடாதீர்கள் என்றும் எழுதுகிறார். வேலை கிடைக்காதவரைப் பற்றியோ, வாரம் பதினைந்து மணி நேரம் மட்டுமே வேலை கொடுக்கும் கடையில் நிற்பவரைப் பற்றியோ, முதுகெலும்பு போன சுரங்கத் தொழிலாளியைப் பற்றியோ அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தக் கட்டளை பிற்காலத்தில் போகாத இடமில்லை. 1608இல் ஜேம்ஸ்டவுன் குடியேற்றத்தின் தலைவரான ஜான் ஸ்மித் அதை வேலை செய்யாத கனவான்கள் மேல் பயன்படுத்தினார். 1936இன் சோவியத் அரசியல் சட்டம் தன் 12ஆம் பிரிவில் ஏறத்தாழ அதே வாசகத்தை எழுதிக்கொண்டது. கடவுளை மறுத்த அரசும், கடவுள் பெயரால் பேசிய காங்கிரஸ் உறுப்பினரும் ஒரே வாசகத்தில் சந்தித்தார்கள். உழைப்பின் கண்ணியம் பெரிய மதிப்பு. ஆனால் அது அரசின் கையில் ரேஷன் அட்டையோடு சேரும்போது, பசியைச் சாட்டையாக்கும் கருவியாகிவிடுகிறது.

சாட்டை வேலை செய்கிறதா என்றாவது கேட்க வேண்டும். 1996இன் நலத்திட்டச் சீர்திருத்தச் சட்டம், குழந்தைகள் இல்லாத, உடல்திடமுள்ள, 18 முதல் 49 வயதுடையவர்களுக்கு ஒரு வரம்பு வைத்தது. வாரம் 20 மணி நேரம் வேலையோ பயிற்சியோ காட்டாவிட்டால் மூன்று ஆண்டுகளில் மூன்று மாதம்தான் உணவு உதவி. வர்ஜினியாவில் இந்த விதி மீண்டும் நடைமுறைக்கு வந்ததைப் பொருளாதார ஆய்வாளர்கள் அரசுப் பதிவுகளைக் கொண்டு ஆராய்ந்து 2023இல் வெளியிட்டார்கள். விதிக்கு உட்பட்டவர்களில் உதவி பெறுவோர் 53 விழுக்காடு குறைந்தார்கள். வேலைவாய்ப்பில் கண்ணுக்குத் தெரியும் உயர்வு எதுவும் இல்லை. அதாவது, பலர் சாப்பாட்டை இழந்தார்கள், வேலையும் கிடைக்கவில்லை. வீடற்றவர்கள்தான் அதிகம் விடுபட்டார்கள். முகவரி இல்லாதவரிடம் மாதாமாதம் படிவம் கேட்டால் வேறென்ன நடக்கும்?

மறுபக்கம், 1961 முதல் 1975 வரை மாவட்டம் மாவட்டமாக உணவுச் சீட்டு பரவிய வேகத்தை வைத்து ஹிலரி ஹாய்ன்ஸ், டயான் ஷான்சன்பாக், டக்ளஸ் ஆல்மண்ட் ஆகிய மூவர் 2016இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சிறுவயதில் அந்த உதவி கிடைத்தவர்களுக்கு, வளர்ந்த பிறகு உடற்பருமன், இரத்த அழுத்தம், நீரிழிவு போன்ற கோளாறுகளின் தொகுப்பு குறைவாக இருந்தது. பெண்கள் தம் காலில் நிற்கும் நிலையும் உயர்ந்திருந்தது. உழைத்து வாழும் மனிதர்கள் வேண்டும் என்று விரும்புபவர்கள் முதலில் குழந்தையின் தட்டைக் காலியாக விடக் கூடாது என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை.

ஃபின்ச்சரின் இன்னொரு வாதம் கனமானது. அன்பு மனமுவந்து வர வேண்டும், வரி வலுக்கட்டாயம், வலுக்கட்டாயமாக அன்பு செய்ய முடியாது. ஏழைகளைக் கவனிப்பது தேவாலயத்தின் வேலை, சீசரின் வேலையல்ல. அமெரிக்காவில் லட்சக்கணக்கான பக்தர்கள் இதை மனதார நம்புகிறார்கள். அவர்களில் பலர் ஞாயிறுதோறும் உணவு வங்கிகளில் தாமே மூட்டை தூக்குபவர்கள். அவர்களின் நேர்மையைச் சந்தேகிக்க இடமில்லை.

ஆனால் அந்த உணவு வங்கிகளே வேறு விதமாகச் சொல்கின்றன. நாட்டின் மிகப் பெரிய உணவு வங்கிக் கூட்டமைப்பான 'ஃபீடிங் அமெரிக்கா'வின் கணக்கில், தங்கள் வழியே ஒரு வேளைச் சாப்பாடு போனால் ஸ்நாப் வழியே ஒன்பது வேளை போகிறது. தேவாலயங்கள் இதை ஈடுகட்ட முடியாது என்பதைத் தேவாலயத் தலைவர்களே அறிவார்கள். 1970களில் லூத்தரன் போதகர் ஆர்தர் சைமன் தொடங்கிய 'பிரெட் ஃபார் த வேர்ல்ட்' அமைப்பு, கிறிஸ்தவர்களைச் சோறு போடச் சொல்வதோடு நிற்காமல், காங்கிரஸுக்குக் கடிதம் எழுதச் சொன்னது அதனால்தான். 2011 மார்ச்சில் அதன் தலைவர் டேவிட் பெக்மனும் போதகர் ஜிம் வாலிஸும் முன்னாள் காங்கிரஸ் உறுப்பினர் டோனி ஹாலும், பட்ஜெட் வெட்டுகளை எதிர்த்து உண்ணாநோன்பு இருந்தார்கள். அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர் பேரவை, கருக்கலைப்பில் குடியரசுக் கட்சியோடு நின்றாலும், உணவு உதவியைக் குறைக்காதீர்கள் என்று திரும்பத் திரும்ப எழுதிவருகிறது.

கொள்கை அளவிலும் அந்த வாதத்துக்குப் பதில் உண்டு. வயலின் ஓரத்தை விடும்படி வேதம் சொன்னது அறிவுரையாக அல்ல, சட்டமாக. அன்பை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. பங்கைக் கொடுக்கச் செய்யலாம், ஏனென்றால் பங்கு கொடுப்பவருடையது அல்ல. ஏழைகள் எப்போதும் உங்களோடு இருப்பார்கள் என்று இயேசு சொன்னதையும் வெட்டுக்கு ஆதரவாகச் சிலர் எடுத்து வைக்கிறார்கள். அது உபாகமத்தின் எதிரொலி. அங்கே அந்த வாக்கியம் பாதியில் முடிவதில்லை. ஆகவே உன் கையைத் தாராளமாகத் திற என்ற கட்டளையில்தான் போய் முடிகிறது.

இன்னொன்று, விவசாயிகளும் அந்தச் சட்டத்தில்தான் பங்கு பெறுகிறார்கள். அரசு மானியப் பதிவுகளைத் தொகுக்கும் 'என்விரான்மென்டல் வொர்க்கிங் குரூப்' என்ற அமைப்பு, 1999க்கும் 2012க்கும் இடையே ஃபின்ச்சர் பெற்ற பண்ணை மானியம் 34 லட்சம் டாலருக்கு மேல் என்று கணக்கிட்டது. சட்டப்படி அவர் பெற்றதுதான் அது; மழை பொய்த்தாலும் விலை விழுந்தாலும் விவசாயி அழியக் கூடாது என்ற நல்ல கொள்கையில் கொடுத்தது. தன் கட்டுப்பாட்டில் இல்லாத காரணங்களால் ஒருவர் விழும்போது பொதுப்பணம் தாங்க வேண்டும் என்பதே அந்தக் கொள்கை. பருத்திக்கு விலை விழுவது போலவே கூலிக்கும் விலை விழுகிறது. ஒரே சட்டப் புத்தகத்தில் ஒருவருக்கு அந்தக் கொள்கையும் இன்னொருவருக்குச் சோதனையும் இருப்பது நியாயமாகாது.

2013இல் ஃபின்ச்சரின் தரப்பு முழுதாக வெல்லவில்லை. ஜூன் 20 அன்று முழு மசோதா 195க்கு 234 என்று தோற்றது. ஜூலையில் பிரதிநிதிகள் சபை உணவுப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டு விவசாயப் பகுதியை மட்டும் நிறைவேற்றியது. 1973க்குப் பிறகு அப்படி நடந்ததில்லை. செப்டம்பரில் உணவுக்குத் தனி மசோதா வந்தது, அதில் பத்தாண்டுகளில் 3,900 கோடி டாலர் வெட்டு. செனட் ஏற்கவில்லை. 2014 பிப்ரவரியில் ஒபாமா கையெழுத்திட்ட சட்டத்தில் இரண்டும் மீண்டும் சேர்ந்தன. வெட்டு 800 கோடி டாலர் அளவுக்குச் சுருங்கியது. 2018இலும் இதே சண்டை. வேலை நிபந்தனையை 59 வயது வரை நீட்டும் மசோதா பிரதிநிதிகள் சபையில் இரண்டே வாக்கில் தேறியது. இறுதிச் சட்டத்தில் அந்த நீட்டிப்பு இல்லை. கோதுமை மாநிலமும் நகரத்துச் சேரிகளும் ஒரே சட்டத்தில் கட்டுண்டிருந்ததால்தான் இரண்டு முறையும் ஏழையின் தட்டு தப்பியது.

2025இல் அந்தக் கட்டு அறுந்தது. ஜூலை 4 அன்று டிரம்ப் கையெழுத்திட்ட வரி, செலவுச் சட்டம், வழக்கமான வேளாண் சட்டத்தைச் சுற்றிக்கொண்டு போனது. அது பண்ணை மானியங்களுக்கு ஏறத்தாழ 6,000 கோடி டாலர் கூட்டியது. உணவு உதவியிலிருந்து பத்தாண்டுகளில் 18,600 கோடி டாலர் அளவுக்கு எடுத்தது. வேலை நிபந்தனை 64 வயது வரை ஏறியது. 14 வயதோ அதற்கு மேலோ உள்ள பிள்ளைகளின் பெற்றோரும் அதற்குள் வந்தார்கள். 2023இல் விலக்குப் பெற்றிருந்த வீடற்றவர்கள், முன்னாள் படைவீரர்கள், வளர்ப்பு இல்லங்களிலிருந்து வெளிவந்த இளைஞர்கள் அந்த விலக்கை இழந்தார்கள். அகதிகளாக ஏற்கப்பட்டவர்களின் தகுதியும் போனது. ரூத் இன்று வந்தால் அவளுக்கு அந்த வயலில் இடமில்லை. வேலை நிபந்தனை மாற்றங்களால் மட்டும் சராசரி மாதத்தில் ஏறத்தாழ 24 லட்சம் பேர் குறைவார்கள் என்று காங்கிரஸின் பட்ஜெட் அலுவலகம் மதிப்பிட்டது.

அதே ஆண்டு அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை அரசாங்கம் முடங்கிக் கிடந்தது. நவம்பர் தொடங்கியதும் ஏறத்தாழ 4 கோடியே 20 லட்சம் பேரின் அட்டைகளில் பணம் ஏறவில்லை. ரோட் ஐலண்டிலும் மாசசூசெட்ஸிலும் வழக்குகள் நடந்தன. உணவு வங்கிகளில் வரிசைகள் நீண்டன. ஒரு நாட்டின் நீதிபதிகள் அந்த மாதத்துச் சோற்றைப் பற்றித் தீர்ப்பு எழுத வேண்டிவந்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான், எத்தனை வீடுகளில் போதிய உணவில்லை என்று ஆண்டுதோறும் கணக்கெடுத்துவந்த அறிக்கையை இனி வெளியிடப் போவதில்லை என வேளாண் துறை அறிவித்திருந்தது. பசியைக் குறைப்பதாகச் சொல்லும் ஓர் அரசு, பசியை எண்ணுவதை நிறுத்துவது பெரிய தவறு.

அடுத்த முடிவு வாஷிங்டனில் அல்ல, மாநிலத் தலைநகரங்களில் நடக்கும். 2025இன் சட்டப்படி, 2027 அக்டோபரில் தொடங்கும் நிதியாண்டிலிருந்து உணவு உதவியின் செலவில் மாநிலங்களும் பங்கு போட வேண்டும். உதவித் தொகையைக் கணக்கிடுவதில் ஒரு மாநிலம் செய்யும் பிழை 6 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் பங்கு இல்லை. பிழை கூடக் கூட 5, 10, 15 விழுக்காடு என்று பங்கு ஏறும். 2024 நிதியாண்டில் நாட்டின் சராசரிப் பிழை 10.93 விழுக்காடு. இதில் கூடுதலாகக் கொடுத்ததும் குறைவாகக் கொடுத்ததும் அடக்கம்; பெரும்பாலானவை அலுவலர்களும் விண்ணப்பதாரர்களும் செய்த தவறுகள், மோசடி அல்ல. பணமில்லாத மாநிலம் பங்கைப் போடலாம், தகுதியைச் சுருக்கலாம், திட்டத்தையே விட்டு விலகலாம். டென்னசியிலும் மிசிசிப்பியிலும் மேற்கு வர்ஜினியாவிலும் சட்டமன்ற உறுப்பினர்கள் அந்த வாக்கைப் போடப் போகிறார்கள். அவர்களில் பலர் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் உட்கார்பவர்கள். வாக்குப் போடும் முன் லேவியராகமத்தின் 19ஆம் அதிகாரத்தையும் ஒருமுறை எடுத்துப் படித்துவிட்டு வர வேண்டும் என்று அவர்களின் போதகர்கள் இப்போதே கேட்டுக்கொள்ளட்டும்.